அரை அடி உயரம்

புதுச்சேரியில் இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்ட 2025 அக்டோபர் 13ஆம் தேதி மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அடிக்கல் நாட்டினார். மதிப்பு 436 கோடி ரூபாய். அன்று சாயங்காலமே எங்கள் பேட்டையான சாரத்தில் டீக்கடைக்கு டீக்கடை பொறியாளர்கள் முளைத்துவிட்டார்கள். எங்கள் கடைக்குத் தலைமைப் பொறியாளர் நான்தான். "மழைத்தண்ணி வடிய வழியில்லாத ஊருக்கு மேம்பாலம் ஒரு கேடா?" என்று கேட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். ஊர் வளர்ச்சி பற்றி இத்தனை காலமாக நான் உதிர்த்த கருத்துகளில் வருமானம் பார்த்தது அது ஒன்றுதான்.

வெளியூர்க்காரர்கள் புதுச்சேரி என்று படம் எடுத்துக்கொண்டு போவது பழைய நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்கு உள்ளே இருக்கும் ஊரை, அதிலும் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களை. நாங்கள் புல்வாருக்கு வெளியே, உழவர்கரை நகராட்சியில் இருக்கிறோம். 2011 கணக்கெடுப்பிலேயே புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.44 லட்சம் பேர், உழவர்கரையில் 3 லட்சம் பேர். ஊர் வீங்கியது இந்தப் பக்கம்தான். எங்களைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை, இடத்தை அளக்க டேப் எடுத்துக்கொண்டு வருவார்கள். காமராஜர் சாலையில் கடைகள் நெருங்க நெருங்க, உள் வீதிகளில் நாட்டு ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. தாத்தா கட்டிய வீட்டை இடிக்க ஜேசிபிக்கு நானே வாடகை கொடுத்தபோது கொதிக்கவில்லை. "ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமா?" என்றுதான் கேட்டேன்.

அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு தேக்குத் தூண்கள் இருந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, விறகு விலைக்குச் சற்று மேலே ஒரு தொகை சொன்னார். நான் விடவில்லை. மத்தியானம் வரைக்கும் பேரம் பேசினேன். கடைசியில் தொகை அதேதான், ஆனால் தூண்களை இறக்கும் கூலி அவருடையது என்று முடிந்தது. அதைப் பெரிய வெற்றியாக வீட்டில் அறிவித்தேன். என் மனைவி, "தூக்கிட்டுப் போறவரு இறக்காம எப்படிங்க தூக்குவாரு?" என்றாள்.

பிறகு மேஸ்திரி வந்தார், கடைக்கால் தோண்டினார். டியூப் மட்டம் பிடித்துப் பார்த்துவிட்டு, "பேஸ்மெண்ட் எவ்ளோ சார் தூக்கலாம்?" என்றார். நகரமைப்பு, நில மட்டம், நீரோட்டம் என்றெல்லாம் பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதுகிறவன் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரே தொழில்நுட்பக் கேள்வி, "அந்தப் பக்கத்து வூடு எவ்ளோ?" என்பது. "ரோட்லேர்ந்து ரெண்டரை." "அப்ப மூணு வையுங்க." மேஸ்திரி ஆச்சரியப்படவில்லை. எல்லாரும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

எங்கள் வீதியின் வளர்ச்சித் திட்டம் முழுவதும் இந்த அரை அடிக்குள் அடங்கிவிடும். சாலையைச் சுரண்டி எடுக்காமல் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டால் சாலை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் ஏறும். வீடுகள் அவ்வளவுக்கு இறங்கும். அடுத்துக் கட்டுகிறவர் பயந்துபோய் அரை அடி கூட்டுவார். அவருக்கு அடுத்தவர் அதற்கு மேல் அரை அடி. கட்ட வசதியில்லாதவர் இருந்த இடத்திலேயே பள்ளத்துக்குப் போய்ச் சேருவார். எனக்கு இடது கைப்பக்கம் ஓர் ஆயா ஓட்டு வீட்டில் இருக்கிறார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் ஏற எனக்கு ஒரு கை வேண்டியிருக்கும். இப்போது சாலையும் திண்ணையும் ஏறத்தாழ ஒரே மட்டம். நான் வீடு கட்டி முடித்தபோது வந்து படிக்கட்டை நிமிர்ந்து பார்த்து, "உன் வூட்டுக்கு வரணும்னா இனிமே முட்டிக்குத் தைலம் தடவிக்கிட்டுத்தான் வரணும் தம்பி" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. லாஸ்பேட்டை, கருவடிக்குப்பம் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் சாரம், ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் என்று தாழ்வான இடம் தேடி வந்து, வாய்க்கால் பிடித்துக் கடலுக்குப் போயாக வேண்டும். அன்று அது போகவில்லை, தங்கிவிட்டது. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. வீதித் தண்ணீர் என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மூன்றடியின் மகிமை என்று மொட்டை மாடியில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் கீழே பார்த்தேன். என் வீட்டைச் சுற்றி மண் தெரியாமல் நான் போட்ட சிமெண்டுத் தளத்தில் விழுந்த மழை அத்தனையும், மேஸ்திரி அழகாகக் கொடுத்திருந்த வாட்டத்தில், ஆயா வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது மழைநீர் சேகரிப்புக் குழி ஞாபகம் வந்தது. அனுமதி வாங்கிய பிளானில் தென்மேற்கு மூலையில் வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டுக் காட்டிய குழி. மேஸ்திரி அதை உண்மையிலேயே தோண்டி, கருங்கல் ஜல்லியும் நிரப்பித்தான் கொடுத்தார். அதன் மேல் டைல்ஸ் ஒட்டியது நான். கொசு வரும் என்று யாரோ சொன்னார்கள், பார்க்கவும் லட்சணமாக இல்லை. ஊரே தண்ணீரில் மிதந்த அந்த ராத்திரி, எங்கள் பேட்டையில் நனையாமல் இருந்த ஒரே பள்ளம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆயாவை மாடிக்கு அழைத்து வந்தோம். தண்ணீர் வடியும் வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். சிமெண்டுத் தளம் பற்றியோ வாட்டம் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே, "உன் வூடு நல்ல உசரம் தம்பி" என்றார். இந்த முறை பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கருத்துச் சொல்லும் கலையில் என் பொற்காலம் மேரி கட்டடம் விழுந்த சமயம். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபம், 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் சரிந்தது. பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். இடைப்பட்ட காலத்தில் பாரம்பரியம் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் பேசுகிறவர் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். "கட்டடம் மழையில் விழவில்லை, அலட்சியத்தில் விழுந்தது" என்பேன். கைதட்டல் வரும். அப்படிப்பட்ட ஒரு கூட்டம், என் வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட் போட்ட வாரத்தில் வந்தது. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டியது வீட்டுக்காரர் வேலை, கூலி மிச்சம் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டது. மேடையில் நான் கோல்கொண்டா பற்றி விரிவாகப் பேசினேன்: அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி, 1930களில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று, ஜார்ஜ் நகஷிமா கூடவே இருந்து மேற்பார்வையிட்டது, சுவருக்குப் பதில் அசையும் பலகைகளை வைத்துக் காற்றை உள்ளே விட்டது. கான்கிரீட் மேல் பழி போடாதீர்கள், கவனம்தான் வேண்டும் என்று முடித்தேன். மே மாத வெயில். வீட்டுக்கு வந்து மாடியேறிப் பார்த்தபோது பாத்தி காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் எங்கள் கூடத்தில் பிளாஸ்டிக் வாளிகள் வைக்கும் இடங்கள் நிரந்தரம். பகலில் ஏசி இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது.

2024 ஜனவரியில் ஆட்டுப்பட்டியில், உப்பனாறு வாய்க்கால் வேலை நடந்த இடத்தருகே, கிரகப்பிரவேசத்துக்குக் காத்திருந்த மூன்று மாடி வீடு சாய்ந்து விழும் வீடியோ எல்லாருடைய கைபேசிக்கும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் அந்தக் குடும்பத்துக்காகப் பதறினார்கள். நானும் பதறினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு எழுந்து போய் எங்கள் கூடத்துச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். என்ன சத்தத்தை எதிர்பார்த்தேன் என்று தெரியாது. பாத்ரூம் போக வந்த மகன் விளக்கைப் போட்டான். "பல்லி" என்றேன்.

தூண் கதை இன்னும் முடியவில்லை. உறவினர் ஒருவரை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப்போனபோது வெள்ளை நகரத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். பழைய வீட்டைப் புதுப்பித்த கடை. காபி விலையைப் பார்த்து மலைத்துத் தூணில் சாய்ந்தபோது முதுகில் ஏதோ நெருடியது. திரும்பிப் பார்த்தால் நெருக்க நெருக்கமாகக் கீறல்கள், நடு நடுவே ஒரு குறுக்குக் கோடு. எங்கள் பாட்டி பால்காரரை நம்பாமல் ஆணியால் கீறி வைத்த கணக்கு. குறுக்குக் கோடு, பால் வராத நாள். நான் தடவிப் பார்ப்பதைக் கவனித்து சர்வர் தம்பி பக்கத்தில் வந்து, "டிரைபல் ஒர்க் சார். ரொம்ப ரேர்" என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். உறவினருக்கு முன்னால் அந்தத் தூணை என்ன விலைக்கு விற்றேன் என்ற பேச்சு வந்துவிடும் என்று பயம். "ஒரிசாவா?" என்று மட்டும் கேட்டேன். "அந்தப் பக்கம்தான் சார்."

நெரிசலுக்கு யார் காரணம் என்று கேட்டால் காமராஜர் சாலையில் கண்டபடி வண்டி நிறுத்துகிறவர்கள் என்று இப்போதும் சொல்வேன். என் கார் வீதியில்தான் நிற்கிறது. பிளானில் கார் நிறுத்துமிடம் என்று காட்டிய கீழ்த்தளத்தில் டியூஷன் சென்டர் நடக்கிறது. வாடகை நன்றாக வருகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் சைக்கிள்கள் என் காரைச் சுற்றி நிற்பதால் காரை வெளியே எடுக்க முடிவதில்லை. இதை எதிர்த்து நான் யாரிடம் புகார் கொடுப்பது?

சென்ற மழைக்காலத்துக்கு முன்னால் சைடு வாய்க்கால் தூர்வார ஆட்கள் வந்தார்கள். மூன்றடி உயரத்துக்குக் கார் ஏற வேண்டுமென்று நான் போட்ட ராம்ப் வாய்க்காலை முழுசாக மூடிக்கொண்டு வீதிக்குள்ளும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கார் அதில் ஏறி எத்தனையோ காலமாயிற்று. "இத உடைச்சாத்தான் சார் உள்ள வார முடியும்" என்றார் மேற்பார்வை பார்க்க வந்தவர். மழை முடியட்டும், நானே ஆள் வைத்து உடைத்துவிடுகிறேன் என்றேன். "போன வருஷமும் இதையேதான் சார் சொன்னீங்க." ஞாபகசக்தி உள்ளவர்களை இந்த வேலைக்குப் போடக்கூடாது. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்கள். எதிர் வரிசையையும் எங்கள் வரிசையையும் ஒருமுறை நடந்து பார்த்தார்கள். எல்லா வீட்டு வாசலிலும் ராம்ப். பிறகு, வாய்க்கால் திறந்து கிடந்த ஒரே இடமான ஆயா வீட்டு வாசலில் இறங்கி, அந்தப் பத்தடியை மட்டும் சுத்தமாக வாரிவிட்டுப் போனார்கள்.