வேலியைப் பிடுங்கச் சொன்னவர்களுக்கு

எங்களுக்கு ஃபைபர் இணைப்புத் தரும் நிறுவனத்தின் பொது மேலாளர் அவர்களுக்கு,

பாலசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். பழனிக்குப் பக்கம், மலையடிவாரம். இங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் ராத்திரி யானைக்குப் பயந்து வேலி போடுவார்கள். நான் வைத்திருப்பது ஆறு மேசைப் போன். எனக்கும் ராத்திரியில்தான் விருந்தாளி.

செம்புக் கம்பிப் போனை எடுத்துவிட்டு, ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கிற, உங்கள் இணையத்தில் ஓடும் ஐபி பிபிஎக்ஸ் வைத்தோம். 100-ஆம் எக்ஸ்டென்ஷனுக்குப் பாஸ்வேர்டும் 100. மறக்காமலிருக்க நானே வைத்தது. அந்தப் பழியை உங்கள் மேல் போட மாட்டேன். இணையப் போன் அழைப்பு நுழையும் வாசலான 5060-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று உலகம் முழுக்க மோப்பம் பிடிக்கும் மென்பொருள்கள் உண்டாம். உள்ளே நுழைந்தவர்கள் நள்ளிரவில் கட்டணம் கொழுத்த வெளிநாட்டு எண்களுக்குப் போன் போடுவார்கள். அந்த எண்ணுக்கு உரியவருக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று பங்கு. கோயம்புத்தூருக்கு மேல் தொழில் தொடர்பில்லாத எங்கள் ஆபீஸ், ஒரே ராத்திரியில் பெயர் தெரியாத தீவுகளோடெல்லாம் பேசியிருந்தது.

பாஸ்வேர்டை மாற்றினோம். நீங்கள் தந்த இணையப் பெட்டிக்கும் எங்கள் பிபிஎக்ஸுக்கும் நடுவில் ஃபயர்வால் என்ற வேலி வைத்தோம். 5060-ஐ எங்களுக்குப் போன் எண் கொடுத்தவர்களின் முகவரிக்கு மட்டும் திறந்தோம். குரல் வந்துபோக 10000 முதல் 20000 வரை. ராத்திரி அழைப்பு நின்றது. பகலில் புதுக் கூத்து: நாங்கள் பேசுவது மறுமுனைக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. மனு கொடுத்தே பழகியவர்கள் என்பதால் இரண்டு நாள் இதைக் கோளாறென்றே நாங்கள் நினைக்கவில்லை.

உங்கள் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பையன், டீ கூடக் குடிக்கவில்லை. “சார், ஃபயர்வாலைக் கழட்டிட்டுப் பாருங்க.” கழற்றினோம், கேட்டது. “பாத்தீங்களா, நம்ம லைன்ல ப்ராப்ளம் இல்ல” என்று புகாரை முடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அன்று ராத்திரியே விருந்தாளிகள் திரும்பிவந்து கதவைத் தட்டியது பிபிஎக்ஸ் பதிவில் வரிசையாக இருக்கிறது.

ஃபயர்வாலைத் திரும்ப மாட்டினோம். பிறகுதான் தெரிந்தது, உங்கள் பெட்டிக்குள் ‘சிப் ஏஎல்ஜி’ என்றொரு உபகாரி குடியிருக்கிறார். எங்கள் போன், ‘குரலை இந்த வாசலுக்கு அனுப்புங்கள்’ என்று எழுதி அனுப்புகிற கடுதாசியை நடுவழியில் பிரித்து, வாசல் எண்ணைத் திருத்தி ஒட்டி அனுப்புகிறார். கேட்காத உதவி. குரல் வேறு வாசலில் வந்து நிற்கிறது; ஃபயர்வால் தன் கடமையைச் செய்து விரட்டுகிறது. அதை அணைக்கும் பட்டன் உங்கள் நிர்வாகப் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு மட்டும் 100 இல்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டுப் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உங்களிடமும் சொல்ல வேண்டுமென்றால், உங்கள் புகார் எண்ணில் 6 மணி நேரம் இசை கேட்க நான் தயார்.

ஆகவே, அந்த உபகாரிக்கு ஓய்வு கொடுங்கள்; அல்லது பெட்டியை, கடுதாசியைப் பிரிக்காமல் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் போட்டுத் தாருங்கள். தம்பியையே அனுப்புங்கள், இந்தத் தடவை டீ குடிக்கட்டும். இருட்டுவதற்குள் வந்து திரும்பச் சொல்லுங்கள். யானை கொய்யாத் தோப்பு வரை இறங்கியிருக்கிறது. அங்கே வேலியைக் கழற்றிப் பார்க்க யாரும் சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு பக்கம் மட்டும் கேட்கும் சந்தாதாரர்