கட்டுநாயக்காவில் நிற்கும் பெட்டி

கொழும்புத்துறையில் வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடு அரிது. அதனால் வெளியிலிருந்து காசு வருகிறது என்றால் எவரும் திடுக்கிடுவதில்லை. பெருந்தொகை வருமென்று சொல்லி முன்கூட்டியே கட்டணம் பறிக்கும் முற்பண மோசடிக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

முன்பு நைஜீரிய இளவரசர் மின்னஞ்சல் எழுதினார்; அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவே அவரது தொழிலுக்குப் பெயராயிற்று. இப்போது எழுதுபவர் லண்டன் டாக்டர். நட்பாகி, ஐபோனும் நகையும் பவுண்ஸ் கட்டும் வைத்துப் பெட்டி அனுப்புவார். பெட்டி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்றுவிடும். 'சுங்க அதிகாரி' அழைத்து, யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் தீர்வை போடச் சொல்வார். போட்டதும் அபராதம், அதன்பின் கறுப்புப் பணமில்லை என்ற சான்றிதழுக்குக் கட்டணம். பெட்டிக்குள் இருக்கும் காசிலேயே கழித்துக்கொள்ளச் சொன்னால் அதிகாரிக்குக் கோபம் வரும்.

கதை இவ்வளவு மோசமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நம்பமுடியாத கதை சந்தேகக்காரரை முதலிலேயே கழித்துவிடும், மிஞ்சியவரிடம் மட்டும் உழைத்தால் போதும் என்று மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012இல் வாதிட்டார். 'ஒருவருக்கும் சொல்லாதீர்கள்' என்ற வரியும் தவறாது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

சுங்கம் தனியாள் கணக்கில் தீர்வை வாங்குவதில்லை. இதே மோசடி லொத்தர் பரிசு என்றும் வரும்; வாங்காத லொத்தர் விழுவதில்லை. காசு போய்விட்டால் பற்றுச்சீட்டையும் மடல்களையும் அழிக்காமல் வங்கிக்கும் பொலிசுக்கும் உடனே அறிவிக்க வேண்டும். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பை 101இல் அழைக்கலாம். இழந்ததை மீட்டுத் தருவதாகப் பிறகொரு 'வழக்கறிஞர்' எழுதுவார். அவரும் முற்பணம்தான் கேட்பார்.