மண்வெட்டிக்கும் மரியாதை

கேள்வி: உலகமே வேண்டாம் என்று போன துறவிகளுக்கு மாட்டுப் பண்ணை எதற்கு?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: குமுளி மலையேறி வாகமண் பக்கம் போய் வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது! அங்குள்ள குரிசுமலை ஆசிரமத்தை 1958-இல் தொடங்கியவர்கள் பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் ஆச்சார்யாவும் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸும். கிரிபித்ஸ் 1968-இல் குளித்தலை அருகே காவிரிக்கரையிலுள்ள சாந்திவனத்துக்கு வந்தார். 1950-இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய ஆசிரமம் அது. காவி உடுத்தி, 1993-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

இரண்டு இடங்களுக்கும் அடிப்படை, 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூல். மொத்தம் 73 அத்தியாயங்கள். விடியுமுன் எழுந்து ஜெபம். பிறகு வாசிப்பு, உடலுழைப்பு, நடுநடுவே மீண்டும் ஜெபம் என நாளையே அது பங்கு போட்டுத் தருகிறது. வாசலுக்கு வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்கிறது. 31-ஆம் அத்தியாயமோ, மடத்தின் கருவிகளைப் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலப் பேணச் சொல்கிறது. ஆயுத பூஜையன்று மண்வெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் நம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். நமக்கு வருஷத்தில் ஒரு நாள். அவர்களுக்கு 365 நாளும்!

சொந்தக் கை உழைப்பில் வாழ்பவரே உண்மையான துறவி என்பது பெனடிக்ட்டின் கட்டளை. அதனால்தான் பண்ணை. மாடு கறக்காமல் பால் குடிக்கலாம் என்ற எண்ணத்தையும் சேர்த்தே துறந்தவர்கள் அவர்கள்!