பி1 முதல் பி7ஏ வரை

போன செவ்வாய்க்கிழமை, ஒரேயொரு கடிதத்தின் உறுதிப்படுத்திய பிரதிக்காக, மூன்றாவது தடவையாக ஒரு கந்தோர் வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். “நாளைக்கு வாங்க சேர்.” எந்த நாளை என்று அவர்கள் சொல்வதில்லை.

எழுத்தாணை மனுவுக்குத் தயாராகும் கீழ்நீதிமன்றச் சட்டத்தரணி மறக்கக்கூடாத மூன்று விஷயங்களை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுவேன், பொறுங்கள்.

எனக்குப் பழகியது பதுளை நீதவான் நீதிமன்றம். சாட்சியைக் கூண்டில் ஏற்றி, மூன்றாம் கேள்வியில் அவரைத் தடுமாற வைத்து, நான்காவதில் நானே தடுமாறுவேன். எழுத்தாணையில் கூண்டே இல்லை, கடதாசிதான் பேசும். லயத்தைக் காலி செய் என்று 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிச் சட்டத்தின்படி அறிவித்தல் வந்தால், நீதவானிடம் காட்டக்கூடியது அரசின் எழுத்து அனுமதி மட்டுமே. வெளியேறச் சொன்னால் மேன்முறையீடும் இல்லை. மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணைக் கதவையும் றாகலை ஸ்டாஃபோர்ட் தோட்டத்து வழக்கில் உயர் நீதிமன்றம் 2013இல் மூடிவிட்டது. ஆகவே, கொழும்பு புதுக்கடையில் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

அங்கே 1990ஆம் ஆண்டு விதிகள் அசலை அல்லது உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்கின்றன. நமக்கோ பயம், கேட்காததையும் இணைப்போம். அறிவித்தல் பி1. என் கட்சிக்கார அம்மா அதை அரிசிப் பேணிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்ததால் தெளிவான பிரதி பி1ஏ. அது சிங்களம், மனு ஆங்கிலம், அம்மா தமிழ், மொழிபெயர்ப்பு பி1பி. அதில் தோட்டத்தின் பெயர் பிழை, திருத்தம் பி1சி. திருத்தத்தில் திகதி பிழை, பி1டி. செக்ரோல் துண்டு பி2. கரண்ட் பில் பி3. பின்பக்கத்தில் யாரோ சீட்டுக் கணக்கு எழுதியிருந்தார்கள், அதையும் விடவில்லை, பி3ஏ. மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் பி5. உபயகாரர் வரிசையில் அம்மாவின் கணவர் பெயர் இருக்கிறதே! பி4 என்னவென்று எனக்கே ஞாபகமில்லை.

“இதெல்லாம் வேணுமாங்க ஐயா?”

“அங்க கேப்பாங்கம்மா.”

இருபது வருடத்தில் அங்கே யாரும் திருவிழா நோட்டீஸ் கேட்டதில்லை. அம்மாவுக்கு உண்மையில் வேண்டியது ஒரேயொரு தாள்: அந்த வீட்டில் இருக்கலாம் என்று தோட்டத்து நிர்வாகம் அன்று கொடுத்த கடிதம். பி7ஏ. அதுதான் அந்தக் கந்தோரில் கிடக்கிறது.

இரவு மெயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வாங்கில் என் பக்கத்தில் இருந்தவர் இதை வாசித்தால், என் கறுப்புக் குடையை எடுத்து வையுங்கள். நாளைக்கும் வருவேன்.