கப்பலேறிய பெண்கள்

கேள்வி: வரலாறு படிக்கும் என் மகள், கடல் கடந்த பெண்களைப் பற்றியே ஆராயப்போகிறாளாம். அதில் என்ன வேலை இருக்கிறது?
– ஒரு தாய், அத்திப்பட்டு

பதில்: ஓர் ஆயுளுக்கும் தீராத வேலை, அம்மா! காந்தியின் கொள்ளுப்பேத்தி உமா துபேலியா-மெஸ்த்ரி, தென்னாப்பிரிக்கப் பேராசிரியர். குடியேற்றத் துறையின் பழைய கோப்புகளைக் குடைந்து, கணவன் கேப்டவுனிலும் மனைவி இந்தியாவிலுமாகச் சட்டம் பிரித்துவைத்த குடும்பங்களின் கதையை எழுதினார். அதிகாரிக்கு அது வெறும் விண்ணப்பம். அவருக்கோ ஒரு பெண்ணின் காத்திருப்பு.

உங்கள் பக்கத்துக் கடலிலும் கதை உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல், நவம்பர் 16-ல் டர்பனை அடைந்தது. அந்நாளைய கப்பல் பட்டியல்களில் பெண்களின் பெயர், வயது, ஊர், தழும்பு வரை பதிவாகியிருக்கின்றன. ஆங்கில எழுத்தில் உருக்குலைந்த அந்த ஊர்ப்பெயர்களை அடையாளம் காண, தமிழ் தெரிந்த உங்கள் மகளைவிடப் பொருத்தமானவர் யார்? தடுக்காதீர்கள்.