பெல்ஜியம் வழியாகப் பாண்டிச்சேரி

தேங்காய்த்திட்டிலிருந்து ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினால், சிக்னல்கள் மனசு வைத்தால், சீக்கிரமே போய்விடலாம். ஆனால் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பாண்டிச்சேரி ஸ்டாம்பு வேண்டுமென்றால் அங்கே போய்ப் பிரயோஜனமில்லை. பெல்ஜியத்துக்குப் போக வேண்டும். டெல்காம்ப் என்கிற ஏலத் தளம் அந்த நாட்டுக்காரர்களுடையது. அதில் ‘பிரெஞ்சு இந்தியா’ என்று தேடினால் நம்ம ஊர் கொட்டிக் கிடக்கிறது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் பாண்டியையும் காரைக்காலையும் விரித்துவைத்துக் கடை போட்டிருக்கிறார்கள். இங்கே ஒட்டி, இங்கே முத்திரை குத்தி, இங்கிருந்து கப்பலேறிப் போனதை நான் யூரோ கொடுத்துத் திரும்ப அழைத்துவர வேண்டும்.

ஸ்டாம்பு ஒரு யூரோ என்றால் அதை அனுப்பும் செலவு மூன்று யூரோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பழமொழியைச் சும்மா இழுக்கவில்லை. 1923-ல் பிரெஞ்சு இந்தியத் தபால்தலைகளில் விலையே பணக் கணக்குக்கு மாறியது: 24 காஷ் ஒரு ஃபனோன் (நம்ம பணம்தான்), 8 ஃபனோன் ஒரு ரூபாய். ஆக, சுண்டைக்காய் ஆறு காஷ், கூலி பதினெட்டு காஷ். ரூபாய்க்கு மொத்தம் 192 காஷ். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூரில் இங்கிலீஷ்காரன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று வைத்திருந்தான். பெருக்கிப் பாருங்கள், அதுவும் 192-தான். கடைசிக் காசு வரை ஒரே கணக்கு. பங்காளிச் சண்டையில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். விலை மாறியதும் பிரெஞ்சு சாந்தீமில் விலை போட்ட பழைய ஸ்டாம்புகளின் மேலேயே புது விலையை அடித்து ஓட்டினார்கள். புது விலையோடு அச்சாகி வந்தது 1929-ல். அரசாங்க வேலை எந்தக் கொடியின் கீழும் ஒரே வேகம்தான்.

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று கேட்டால், ராத்திரி பதினொரு மணிக்குக் கோல்நெக்டில். உலக ஸ்டாம்புகளையெல்லாம் படத்தோடு அடுக்கியிருக்கும் தளம். ஒவ்வொன்றுக்கும் ‘என்னிடம் இருக்கிறது’, ‘எனக்கு வேண்டும்’ என்று குறித்துக்கொள்ளலாம். குடும்பஸ்தர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டாவது பட்டியலைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள். ஒரே ஸ்டாம்புக்கு இவேர் கேட்லாக்கில் ஒரு எண், ஸ்காட்டில் ஒன்று, கிப்பன்ஸில் ஒன்று. ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை மாதிரி. ஆள் ஒன்று, எண் மூன்று. விலைக்கு எந்தத் தளத்தைப் பார்த்தாலும் கேட்ட விலையை விட்டுவிட்டு விற்ற விலையைப் பாருங்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு தம்பி, கிழிந்த ஸ்டாம்பைக் காட்டி, “நெட்டுல நாப்பது யூரோ போட்டிருக்கான் சார்” என்றான். போட்டிருக்கிறான்தான். அஞ்சு வருஷமாகப் போட்டிருப்பான், வாங்கத்தான் ஆளில்லை.

பிரெஞ்சு இந்தியாவுக்கென்று தனி ஸ்டாம்பு வந்தது 1892-ல். தனி என்றால் பெயர் மட்டும் தனி. எல்லாக் காலனிக்கும் ஒரே படத்தை அடித்து, கீழே கட்டத்தில் ஊர்ப் பெயரை மாற்றினார்கள். நம்ம ஊர்ச் சமாசாரம் படமாக வந்தது 1914-ல்தான்: ஒன்றில் பிரம்மா, இன்னொன்றில் கோயில். கோயில் கோயிலாகச் சுற்றினாலும் பிரம்மாவுக்குத் தனிச் சன்னிதி கிடைப்பது குதிரைக்கொம்பு. முருகனையும் மாரியம்மனையும் விட்டுவிட்டு அவரைத் தேடிப் பிடித்து ஒட்டவைத்திருக்கிறான். பூஜை கிடைக்காதவருக்குப் பின்பக்கம் எச்சிலும் முன்பக்கம் முத்திரைக் குத்தும் கிடைத்தன.

அந்தக் கோயில்தான் எங்கள் தெருவில் கலவரம் மூட்டியது. கேட்லாக்கில் ‘பாண்டிச்சேரி அருகே காளி கோயில்’ என்று போட்டிருக்கிறது. படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “இது வீராம்பட்டினம் அம்மன்தான். கவர்னரே வந்து தேர் இழுத்த கோயிலை விட்டுட்டு வேற எதைப் போடுவான்?” என்றார் துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் அந்த ஊரில்தான் அவருக்குப் பெண் எடுத்த வீடு. “செங்கழுநீரம்மன் எப்பண்ணே காளியானா?” என்று ஒரு பையன் கேட்டான். இன்னொருவர் வில்லியனூர் என்றார். சாயங்காலத்துக்குள் ‘அருகே’ என்பது திண்டிவனம் வரை நீண்டுவிட்டது. ராத்திரி இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஸ்டாம்பை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை.

ஆனால் இந்தப் படங்களுக்கு முன்பே 1903-ல் செய்த வேலை முழுக்க முழுக்க நம்ம ஊர் பாணி. ஸ்டாம்பு தட்டுப்பாடு வந்தது. பாரிசிலிருந்து வரும்வரை யார் காத்திருப்பது? கையிலிருந்ததன் மேல் வேறு விலையை அடித்தார்கள். அதுவும் போதாமல் ரெவின்யூ ஸ்டாம்பை வெட்டி, அதன் மேலும் அச்சடித்துக் கடிதத்தில் ஒட்டினார்கள்.

1941-ல் இன்னொரு அச்சு விழுந்தது. முந்தைய வருஷம் பாரிஸ் ஹிட்லரிடம் விழ, பாண்டி நிர்வாகம் ஹிட்லரை எதிர்த்த தெ கோல் பக்கம் சாய்ந்தது. இருந்த ஸ்டாம்புகளின் மேல் ‘பிரான்ஸ் லீப்ர்’, சுதந்திர பிரான்ஸ், என்று இங்கேயே அடித்தார்கள். சேகரிப்பவர்களுக்கு இது தேனும் தேளும். நாலு காசு ஸ்டாம்பின் மேல் ஒரு வரி அடித்தால் நானூறாகும் என்றால் போலி அடிக்க ஆளா இல்லை? இப்படிப்பட்டவற்றை இணையத்தில் வாங்கும்போது நிபுணர் சான்றிதழ் கேளுங்கள். “தாத்தா பெட்டியிலிருந்து எடுத்தது” என்பது சான்றிதழ் ஆகாது. பாண்டியில் பிரெஞ்சுப் பட்டாளத்து ‘சொல்தா’ தாத்தா இல்லாத தெருவே கிடையாது.

ஸ்டாம்பு சேர்ப்பவர்களுக்கும் தபால் வரலாற்றுக்காரர்களுக்கும் ஆகாது. முன்னவர் உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை உரித்துக் காயவைப்பார். பின்னவருக்கு அது சவத்தை உரிப்பது போலத் தெரியும். அவருக்கு முழு உறை வேண்டும், முத்திரை வேண்டும், எந்த வழியாகப் போனது என்று தெரிய வேண்டும். பாண்டி அவருக்குத் திருவிழா. பிரெஞ்சுத் தபால் ஒருபக்கம், ஊருக்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையம் இன்னொரு பக்கம். 1908 முதல் பத்து வருஷம் இங்கிருந்த பாரதியாரின் கடிதப் போக்குவரத்தின் மேல் இங்கிலீஷ்காரனுக்கு இருந்த அக்கறை அவர் நண்பர்களுக்குக்கூட இருந்திருக்காது. 1960-ல் பாரதியார் முகத்தையே 15 நயா பைசா ஸ்டாம்பில் போட்டார்கள். இப்போது கடிதத்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கிழித்து எடுக்கிறோம். தபால் வரலாறு தேடிப் பழைய கெசட்டைப் புரட்ட வேண்டுமென்றால் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளம் இருக்கிறது. காசு கிடையாது, பிரெஞ்சு தெரிய வேண்டும்.

பிரெஞ்சுக்காரன் நாலு ஊரையும் ஒன்றாக வைத்துவிட்டு 1954-ல் கிளம்பினான். 1972-ல் பின்கோடு வந்து பிரித்துவிட்டது: நமக்கு 605, காரைக்காலுக்கு 609, மாஹே 673 என்று கோழிக்கோட்டோடு, ஏனாம் 533 என்று ஆந்திராவோடு. சட்டமன்றம் ஒன்று, தபால்பை நாலு.

போன வாரம் பேரனுக்காக அஞ்சல் துறையின் ‘ஸ்பர்ஷ்’ உதவித்தொகை விவரத்தைப் படித்துக் காட்டினேன். ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, ஸ்டாம்பு சேர்க்கும் பிள்ளைகளுக்கு வருஷம் 6,000 ரூபாய். இருநூறு ரூபாய் கட்டி அஞ்சலகத்தில் ஃபிலாடெலி டெபாசிட் கணக்கு திறந்தால் புது வெளியீடுகள் வீட்டுக்கே வரும்; விண்ணப்பிக்கவும் அது உதவும். என் காலத்தில் இதே காரியத்துக்கு முதுகில்தான் உதவித்தொகை விழுந்தது. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, வருஷம் ஆறாயிரமா? பேசாம உங்களை ஆறாங்கிளாஸ்ல சேத்துடலாமா?”

“அறுபது சதவீதம் மார்க் வாங்கியிருக்கணும், பாட்டி” என்றான் பேரன்.

“அப்ப வேணாம்” என்று திரும்பிப் போய்விட்டாள்.