துப்புக் கெட்டவன் ஆடிய துப்பி

“ரமி தெரியுமா?” என்று அலுவலக நண்பர் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஔலு நகரத்துக்கு வந்த இரண்டு வருஷத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றை யாரும் கேட்டதே இல்லை. பனிச்சறுக்கு தெரியுமா? தெரியாது. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கத் தெரியுமா? அந்த ஏரிமேல் நிற்கவே தெரியாது. ரம்மி அப்படியா? கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளத்தை விரித்து, மாப்பிள்ளை அழைப்பையே மறந்து ஆடிய பரம்பரை நாங்கள்.

“தெரியுமாவா! எங்கள் சித்தப்பா அதில் மோதிரம் வரைக்கும் இழந்திருக்கிறார்” என்றேன். அவர் இதைத் தகுதியாக எடுத்துக்கொண்டாரா, எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டாரா, தெரியவில்லை. சனிக்கிழமை தங்கள் காட்டுக் குடிலுக்கு வரச் சொன்னார்.

ஔலு வட ஃபின்லாந்தில், போத்னியா வளைகுடாக் கரையில் இருக்கிறது. ஔவையார், ஔடதம் என்று இரண்டே சொற்களை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஓர் எழுத்துக்கு இந்த ஊர் செய்த உபகாரம் பெரிது. டிசம்பர் கடைசியில் பகல் மூன்றரை மணி நேரம்தான். மீதி நேரத்தை மனிதர்கள் என்னதான் செய்வார்கள்? சவுனாவில் வியர்ப்பது கொஞ்சம், காப்பி குடிப்பது கொஞ்சம். தலைக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் போட்டால் காப்பியில் உலகத்திலேயே முன்வரிசைக்காரர்கள் இவர்கள். மிச்சப் பொழுதுக்குச் சீட்டு.

மேசையைச் சுற்றி நாலு பேர். நண்பர், அவருடைய அம்மா, அம்மாவின் அப்பா, நான். பெரியவரை எல்லாரும் “உக்கி” என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் வீட்டுப்பாடம் எழுதாதவன் காதைப் பிடித்துக்கொண்டு போடுவது உக்கி. ஃபின்னிஷில் உக்கி என்றால் தாத்தா. அவர்தான் எனக்குக் கூட்டாளி என்று எதிரே உட்காரவைத்தார்கள். கைகுலுக்கினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆளுக்கு 13 சீட்டு வந்தது. ஆகா, அதே ரம்மிதான். மளமளவென்று வரிசை சேர்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு கிளாவர் கையிலேயே இருந்தது. உற்சாகம் தாங்காமல், “ஜோக்கர் எது?” என்றேன்.

கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் ஊசி நின்றது. நண்பர் என்னைப் பார்த்தார். உக்கி மட்டும் யாரையும் பார்க்காமல் மூச்சை உள்ளே இழுத்தபடி “யோ” என்றார். ஆஸ்துமா என்று பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இந்தப் பக்கத்தில் “ஆமாம்” என்பதையே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். ஒரு சொல்லுக்குக்கூடக் காற்றை வெளியே செலவழிக்காத சிக்கனம்.

ஆட்டத்தின் பெயர் துப்பி என்றார்கள். ரமி என்பது அதில் ஒரு பாதி. இன்னொரு பாதியின் பெயர் நோலோ. “துப்புக் கெட்டவனே” என்பது சிறுவயதில் என் அம்மா எனக்கு வைத்திருந்த செல்லப் பெயர்களில் ஒன்று. ஆட்டத்தின் பெயரிலேயே துப்பு இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று தைரியப்படுத்திக்கொண்டேன்.

இருபத்தெட்டு, முந்நூற்று நாலு ஆடியவர்களுக்கு இதன் அடிப்படையைப் பாதி நிமிஷத்தில் சொல்லிவிடலாம். எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. 52 சீட்டும் ஆட்டத்தில் உண்டு. ஏஸ் பெரிது, இரண்டு சிறிது. முதலில் இறங்கிய ஜாதியை எல்லாரும் போட வேண்டும். இல்லாதவர் எதையாவது கழிக்கலாம். பெரிய சீட்டுக்காரர் பிடியை அள்ளிக்கொண்டு அடுத்ததை இறக்குவார். ஆனால் துப்பியில் துருப்பு கிடையாது. எவனோ வைத்திருக்கும் ஒரு நோஞ்சான் துருப்பு நம் ஏஸை வெட்டிச் சாய்க்கும் கொடுமையும் இல்லை, அந்த நோஞ்சானை நாம் வைத்திருக்கும் சுகமும் இல்லை.

சுவாரஸ்யம் ஆட்டத்துக்கு முன்னால்தான். ஆளுக்கொரு சீட்டைத் தேர்ந்தெடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். எங்கள் மேசையில் சிவப்பு வைத்தால் ரமி, கறுப்பு வைத்தால் நோலோ. பிறகு வரிசையாகத் திருப்புவார்கள். ஒரே ஒரு சிவப்பு தலைகாட்டினால் போதும், ஆட்டம் ரமி. நாலு பேரும் கறுப்பு வைத்திருந்தால்தான் நோலோ. வைத்த சீட்டு அவரவர் கைக்கே திரும்பிவிடும். அதனால் விவரமானவர்கள் இதற்கு ஒன்றுக்கும் உதவாத சின்னச் சீட்டாகப் பார்த்து வைப்பார்கள். நான் கம்பீரமாக ஆர்ட்டின் ஏஸை வைத்துத் திருப்பிக் காட்டினேன். அம்மா அதைக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார். அதற்கப்புறம் அந்த ஏஸ் யார் கையில் இருக்கிறது என்று யாரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை.

ரமி என்றால் பிடி சேர்க்கிற ஆட்டம். இருக்கிற 13 பிடியில் ஏழாவது எடுத்துவிட்டால் ஜெயம். இதில் நம் ஆட்களுக்குப் பயிற்சி வேண்டாம். கிடைப்பதை வாரிப் போட்டுக்கொள்வது நமக்குக் கைவந்த கலை. நோலோதான் ஆளைக் கவிழ்க்கும். அதில் பிடி எடுக்கக் கூடாது. ஏழு பிடி யார் தலையில் விழுகிறதோ அவர்கள் தோற்றார்கள். கையில் இரண்டும் மூன்றும் வந்தால் கும்பிட்டுக்கொள்ள வேண்டும். ஏஸும் ராஜாவும் வந்தால் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். நோலோ என்ற சொல்லுக்கு ஃபின்னிஷில் நாலு பேர் முன்னால் அசடு வழிந்து நிற்கிற நிலை என்று அர்த்தம். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்த ஆட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நோலோவிலேயே சோலி என்று ஒரு வீரச்செயல் உண்டு. ஒருவர் தனியாக நின்று ஒரு பிடிகூட எடுக்காமல் தப்பிக்கிறேன் என்று அறிவிக்கலாம். கூட்டாளி சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். எதிராளிகள் இரண்டு பேரும் எப்படியாவது ஒரே ஒரு பிடியை அவருக்கு ஊட்டிவிடப் பாடுபடுவார்கள். உக்கி அன்று ஒருமுறை சோலி ஆடி ஜெயித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சர்க்கரைக் கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். என் சித்தப்பாவாக இருந்திருந்தால் மண்டபமே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

உக்கி இளவயதில் மரம் வெட்டப் போனவராம். பனிக்காலம் முழுக்கக் காட்டில் மரம் சாய்ப்பது, வசந்தத்தில் பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிடுவது என்று வடக்கில் வாழ்ந்த கூட்டம் அது. ராத்திரியில் காட்டு முகாம்களில் அவர்கள் வளர்த்த ஆட்டம் துப்பி. அந்தத் தொழிலாளிக்கு “யாத்கா” என்று பேர். சீட்டுக்கட்டு ஜாக்கிக்கும் அதே பேர்தான். ரோவனியெமி ஊரில் 1989-ல் முடிந்த பெரிய பாலத்துக்குக்கூட யாத்காவின் மெழுகுவத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராஜா ராணி பெயரில் பாலம் வைத்த தேசங்கள் நிறைய உண்டு. ஜாக்கியை மதித்த தேசம் இது.

இனி ஆட்டத்தின் பெயர் விவகாரம். துப்பி என்றால் கத்தி உறை. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பது நம் பழமொழி. இந்த ஆட்டத்தின் கணக்கு அதைவிடக் கறாரானது. 52 புள்ளி எடுத்தால் ஆட்டம் முடியும். ஆறுக்கு மேல் எடுத்த ஒவ்வொரு பிடிக்கும் ரமியில் நாலு புள்ளி. நோலோவில் எதிராளியை எடுக்கவைத்ததற்கும் அதே. ஆனால் ஒரு சமயத்தில் ஒரு கட்சியிடம்தான் புள்ளி இருக்கலாம். ஏறிக்கொண்டிருப்பவர்கள் ஒரு சுற்றில் தோற்றால் சேர்த்தது அத்தனையும் போய் மறுபடி பூஜ்யம், மறுபடி உறைக்குள். பரமபதத்திலாவது பாம்பின் தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வரைந்து வைத்திருக்கிறார்கள்.

உக்கியின் புண்ணியத்தில் நாங்கள் 48-க்கு வந்துவிட்டோம். இன்னும் நாலு. நாலும் கறுப்பு விழுந்தது, நோலோ. 11 பிடி ஆனபோது எங்களிடம் ஆறு, அவர்களிடம் ஐந்து. இன்னொன்று எங்கள் பக்கம் வந்தால் தொலைந்தோம். என் கையில் இரண்டே சீட்டு: ஆர்ட்டின் ராஜா, டைமன் இரண்டு. அம்மா கிளாவர் இறக்கினார். என்னிடம் கிளாவர் இல்லை. ராஜாவைக் கழித்துக் கட்ட அதைவிட நல்ல நேரம் வாராது. உக்கி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஏழு தலைமுறை ரம்மி ரத்தம் பேசியது: ராஜாவை எவனாவது தூக்கிப் போடுவானா? டைமன் இரண்டைப் போட்டேன். நண்பர் கிளாவர் ஏஸால் பிடித்து, ஆர்ட்டின் நாலை இறக்கினார். உக்கியிடமும் அம்மாவிடமும் ஆர்ட்டின் இல்லை. என் ராஜா, தன்னந்தனியாக, எல்லாவற்றையும் வென்று ஏழாவது பிடியை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அம்மா 48-ஐ அடித்தார். பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. உக்கி முன்னால் உக்கி போட நான் தயாராக எழுந்தேன். பெரியவர் கையமர்த்தி, அந்த மாலையில் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். நண்பரைப் பார்த்தேன், அவர் கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தார்.

“தம்பியின் சித்தப்பா மோதிரத்தை எப்படி இழந்தார் என்று புரிந்துவிட்டதாம்.”

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். ராஜாவைக் கழிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், ராணியிடம் இன்னும் மனசு வரவில்லை. அடுத்த மாதம் நண்பர் வெளியூர் போகிறார், மேசைக்கு நாலாவது கை வேண்டும். ஔலு பக்கம் வருகிற தமிழர்கள் சொல்லி அனுப்புங்கள். ரம்மி தெரிந்தவர்கள் மட்டும் வேண்டாம் என்று உக்கி சொல்லச் சொன்னார்.